5 மாதம், 11 நடை: எங்கள் 12(3) ஒப்பந்தம்

கையெழுத்துப் போட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் அந்த ஃபைலை அலமாரியில் வைக்க மனம் வரவில்லை, மேஜை மேலேயே கிடக்கிறது. 140 பேர் வேலை செய்யும் ஃபவுண்டரியில் நான் மேனேஜர். இந்தத் தடவை ஊதிய ஒப்பந்தத்துக்காகத் தொழிலாளர் அலுவலகத்துக்கு 5 மாதத்தில் 11 நடை நடந்தேன். 12(3), 18(1) என்று நான் சொல்வதெல்லாம் அப்போது நடப்பில் இருந்த 1947 தொழில் தகராறுகள் சட்டத்தின் பிரிவு எண்கள். அரசாங்கத்தின் சமரச அலுவலர் முன்னால் போடுவது 12(3), கம்பெனியும் சங்கமும் தாங்களாகவே போட்டுக்கொள்வது 18(1). அதில் 4 நடை வீண். அந்த நாலும் இன்னொருவருக்கு நேரக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

2022-ல் நாங்கள் லேபர் ஆபீஸ் பக்கமே போகவில்லை. பெரிய சங்கத்தோடு கம்பெனிக்குள்ளேயே உட்கார்ந்து பேசி, இரண்டே வாரத்தில் 18(1) ஒப்பந்தம் போட்டு முடித்தோம். சுலபமாக முடிந்ததில் எல்லோருக்கும் சந்தோஷம். அப்புறம்தான் 31 பேர் இருந்த சின்னச் சங்கம் வந்து நின்றது. "நாங்க கையெழுத்தே போடலைங்களே சார், அது எங்களுக்கு எப்படிங்க செல்லும்?" என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டது நியாயம். 18(1) கையெழுத்துப் போட்ட தரப்பை மட்டும்தான் கட்டுப்படுத்தும். பெட்டிக் கணக்கு என்றால், ஒருவர் எத்தனை அச்சுப் பெட்டி போட வேண்டும் என்ற கணக்கு. மூன்று வருடம் ஒரே மோல்டிங் லைனில் ஒருவருக்கு ஒரு கணக்கு, பக்கத்தில் நிற்பவருக்கு வேறு கணக்கு. சூப்பர்வைசர்கள் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது.

சமரச அலுவலர் முன்னால் போடும் 12(3) அப்படியில்லை. 18(3) பிரிவின்படி, அந்த இடத்தில் வேலை செய்யும் எல்லோரையும் அது கட்டுப்படுத்தும். எந்தச் சங்கமானாலும் சரி, நாளை புதிதாகச் சேர்பவரானாலும் சரி. அரசாங்கம் இதற்கு ஒரு பைசா வாங்குவதில்லை. இத்தனை வருடம் இதைப் பயன்படுத்தாமல் விட்டோமே என்று எனக்கு வருத்தம்தான்.

முதல் தப்பை ஆபீஸ் போவதற்கு முன்பே செய்துவிட்டோம். பழைய ஒப்பந்தம் 2025 மார்ச் 31-ல் முடிந்தது. அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்து ஏப்ரல் மாத வருகை ஊக்கத்தொகையை நிறுத்திவிட்டோம். அது தவறு. காலம் முடிந்தாலும், ஏதாவது ஒரு தரப்பு எழுத்து மூலம், ஒப்பந்தத்தை முடித்துக்கொள்கிறோம் என்று நோட்டீஸ் கொடுத்து இரண்டு மாதம் ஆகும் வரை பழைய ஒப்பந்தம் நடப்பில்தான் இருக்கும். நிறுத்திய பணத்தை மே மாதச் சம்பளத்தில் சேர்த்துக் கொடுத்தோம். பணம் போனதுகூடப் பெரிதில்லை. பேச்சுவார்த்தை தொடங்கும் முன்பே நம்பிக்கை போய்விட்டது.

ஜூனில் முதல் அமர்வு. வக்கீலைக் கூட்டிக்கொண்டு போனேன். சங்கச் செயலாளர் எழுந்து, சமரச அலுவலராக இருந்த மேடத்திடம், "மேடம், 36(3)" என்று மட்டும் சொன்னார். சமரசப் பேச்சில் வக்கீல் யாருக்காகவும் ஆஜராக முடியாது. வக்கீல் வெளியே போனார். எனக்கோ ஒன்றும் பேசத் தெரியவில்லை. இரண்டு வாரம் வாய்தா. வக்கீலிடம் ஆலோசனை கேளுங்கள், வரைவைக் காட்டுங்கள், ஆனால் உள்ளே நீங்களே பேசத் தயாராகிப் போங்கள்.

இரண்டாவது அமர்வு இன்னும் எரிச்சல். காலை 10.30-க்குப் பிரிவு எழுத்தரிடம் என் பேப்பர்களைக் கொடுத்தேன். புரட்டிப் பார்த்தார், ஓரமாக வைத்தார், உட்காருங்கள் என்றார். சாயங்காலம் 4 மணிக்குக் கூப்பிட்டு, "போர்டு தீர்மானம் எங்கே? கம்பெனி சார்பாகப் பேசவும் கையெழுத்துப் போடவும் உங்களுக்கு அதிகாரம் கொடுத்த லெட்டர் எங்கே?" என்கிறார். கேள்வி சரியானதுதான். அதைக் காலையிலேயே கேட்டிருந்தால் மதியத்துக்குள் ஆள் அனுப்பி வாங்கியிருப்பேன். ஐந்தரை மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுக் கேட்டதை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை. சங்கத் தரப்பிலும் செயற்குழுத் தீர்மான நகல் இல்லை, அவர்களும் திரும்பிப் போனார்கள். இரண்டு தரப்பும் முன்கூட்டியே போனில் பேசி இதைச் சரிபார்த்துக்கொள்ளலாம். அடுத்த அமர்விலிருந்து நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

மூன்றாவது வீண் நடைக்குக் காரணம், அதிகாரி வேறு பணிக்குப் போயிருந்தார், யாரும் சொல்லவில்லை. வாய்தா நாளன்று காலையில் ஒரு போன் போட்டுவிட்டுக் கிளம்புங்கள், அவ்வளவுதான்.

ஜூலையில் நடந்ததுதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஆர்டர் நெருக்கடியில் இரண்டாவது ஷிஃப்ட் நேரத்தை ஒரு மணி நேரம் தள்ளிவைத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டினோம். ஷிஃப்ட் நேரமும் கோரிக்கைப் பட்டியலில் இருந்தது. சமரசம் நடக்கும்போது, தகராறில் உள்ள விஷயத்தில் தொழிலாளிக்குப் பாதகமாக எதையும் அதிகாரியின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் மாற்றக் கூடாது என்றது 33-ஆம் பிரிவு. போதாததற்கு, 9-ஏ பிரிவின்படி 21 நாள் முன்னறிவிப்பும் நாங்கள் கொடுக்கவில்லை. சங்கம் அன்றைக்கே மனுக் கொடுத்தது. எங்கள் சீனியர் மோல்டர் அண்ணன் ஒருவர் என் ரூமுக்கு வந்து, "ஏனுங்க சார், பேசிட்டு இருக்கறப்பவே இப்படிச் செய்யலாமுங்களா?" என்று கேட்டார். முதலாளியிடம் பேசி, ஒரு மணி நேரத்தில் நோட்டீஸைக் கிழித்துவிட்டு, வாபஸ் வாங்கியதாகக் கடிதம் எழுதி நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மேடம் அதைப் படித்துவிட்டு, "இனிமேல் எதுவாக இருந்தாலும் முதலில் என்னிடம் கேளுங்கள்" என்றார். அன்றிலிருந்து கேட்டுத்தான் செய்தேன்.

சமரச அலுவலர் தீர்ப்புச் சொல்ல முடியாது, யாரையும் கட்டாயப்படுத்தவும் முடியாது. அப்படியிருந்தும் அந்த மேடம் செய்த வேலையை மறக்கமாட்டேன். சங்கம் கேட்ட சம்பள உயர்வு 9,500 ரூபாய், நாங்கள் சொன்னது 3,200. மூன்று அமர்வுக்கு யாரும் இறங்கவில்லை. அப்புறம் இரு தரப்பையும் தனித்தனி அறையில் உட்கார வைத்துப் பேசினார். எங்களிடம் மூன்று வருட ஆர்டர் கணக்கைக் கேட்டார், சங்கத்திடம் பக்கத்துத் தொழிற்சாலைகளின் ஒப்பந்த நகல்களைக் கேட்டார். "மொத்தத் தொகையை விடுங்கள், வருடத்துக்கு எவ்வளவு என்று பேசுங்கள்" என்றதும்தான் முடிச்சு அவிழ்ந்தது. முதல் வருடம் 3,000, அடுத்தது 1,400, மூன்றாவது 1,200. ஆக 5,600. பெட்டிக் கணக்கை மூன்று மாதம் கூட்டுக் குழு வைத்துச் சோதித்துப் பார்த்த பிறகு முடிவுசெய்வது என்று எழுதினோம். இதை எல்லோருக்கும் முன்பே சின்னச் சங்கம் ஒத்துக்கொண்டது.

அந்த 1947 சட்டத்தில் சமரசத்துக்கு 14 நாள்தான் இருந்தது. இரு தரப்பும் எழுதிக் கொடுத்தால் அதிகாரியின் ஒப்புதலோடு நீட்டிக்க முடிந்தது. நாங்கள் ஒவ்வொரு தடவையும் எழுதிக் கொடுத்தோம். சமரசம் நடக்கவில்லை என்று அதிகாரி அரசாங்கத்துக்கு அனுப்பும் முறிவறிக்கையை அவசரப்பட்டுப் போட வைக்காதீர்கள்.

நாலாவது வீண் நடை கடைசி நேரத்தில். தொகை முடிவானதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பெனியிலேயே உட்கார்ந்து ஒப்பந்தத்தை டைப் அடித்து, எல்லோரும் கையெழுத்துப் போட்டு, திங்கள் காலை ஆபீஸுக்குக் கொண்டுபோனோம். மேடம் வாங்கவே இல்லை. "வெளியே போட்டுக்கொண்டு வந்தால் இது 18(1) தான்" என்றார். சமரசம் நடக்கும் காலத்தில் போட்டது என்பது மட்டும் போதாது, அதிகாரியின் உதவியோடும் ஒப்புதலோடும் உருவாகியிருக்க வேண்டும் என்று பாட்டா ஷூ கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1961-லேயே சொல்லிவிட்டதாம். அந்தப் பேப்பரை அங்கேயே ரத்துசெய்தோம். அடுத்த அமர்வில் மேடம் ஒவ்வொரு ஷரத்தாக வாசித்து, "புரிந்ததா, சம்மதமா?" என்று இரு தரப்பையும் கேட்டார். இரண்டு இடத்தில் வாசகத்தைத் திருத்தினார். அக்டோபர் 14-ஆம் தேதி, இரண்டு சங்கமும் நாங்களும் அவர் முன்னால் கையெழுத்துப் போட்டோம். எல்லாப் பக்கத்திலும் போட்டோம், இணைப்பாக வைத்த ஊதியப் பட்டியலிலும் போட்டோம். சின்னச் சங்கத் தலைவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் விடவேயில்லை. ஏப்ரலிலிருந்து சேர்ந்த நிலுவையை தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால் கொடுத்தோம்.

2025 நவம்பர் 21-ஆம் தேதி, 2020-ஆம் வருடத்துத் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்து, 1947 சட்டத்தின் இடத்தைப் பிடித்திருக்கிறது. மேலே நான் சொன்ன பிரிவு எண்களை அப்படியே எழுதிக்கொண்டு போகாதீர்கள். ஒன்றுக்கு மேற்பட்ட சங்கம் இருந்தால், தொழிலாளர்களில் 51 சதவீதமோ அதற்கு மேலோ உறுப்பினராக உள்ள சங்கம்தான் கம்பெனியோடு பேசும் பேச்சுவார்த்தைச் சங்கம். அப்படி எதுவும் இல்லையென்றால், குறைந்தது 20 சதவீதம் உள்ள சங்கங்கள் சேர்ந்த பேச்சுவார்த்தைக் குழு. எங்கள் ஒப்பந்தத்துக்கு 2028 மார்ச் வரை காலம் இருக்கிறது. சின்னச் சங்கத்தில் இப்போது 34 பேர். அடுத்த தடவை அவர்களை எப்படி மேஜைக்குக் கொண்டுவருவது என்று இரண்டு சங்கத்தோடும் ஜனவரியில் உட்கார்ந்து பேசப் போகிறேன்.