கிரான்பெர்ரி வயலில் ஒரு பொடிசு

அக்டோபர் என்றால் விஸ்கான்சினில் கிரான்பெர்ரி என்ற சிவப்புப் பழத்தின் அறுவடை. அமெரிக்காவின் விளைச்சலில் பாதிக்கு மேல் இந்த மாநிலத்தில்தான். இங்கே வாரன்ஸ் என்ற ஊர்ப் பக்கம் நண்பர் குடும்பத்துக்கு வயல் இருக்கிறது, சனிக்கிழமை போயிருந்தோம்.

தண்ணீரில் காய்க்கும் பழம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இல்லை, தரையோடு படரும் கொடி. அறுவடைக்குத்தான் வயலில் தண்ணீர் கட்டுகிறார்கள். இயந்திரம் கொடியை உலுக்கினால் பழம் உதிர்ந்து மேலே வந்துவிடும். உள்ளே நான்கு காற்றறைகள் இருப்பதால் மிதக்கிறது.

நண்பரின் மகளுக்குப் பத்து வயது. மார்பு வரைக்கும் ரப்பர் உடுப்பு, அக்காவுடையதாம், தொளதொளவென்று இருந்தது. அப்பாவும் சித்தப்பாவும் மிதவை வளையத்தை இழுத்து வளைக்க, இவள் நீளக் கட்டையால் சிவப்புக் கூட்டத்தைப் பம்புக் குழாய் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தாள். நாம் களத்தில் நெல்லைப் பலகையால் ஒதுக்குவோமே, அதே மாதிரி.

அப்புறம் சிலந்திகள். தண்ணீர் ஏறினால் கொடிக்குள் இருந்ததெல்லாம் மேடு தேடி வரும். நடு வயலில் மேடு எது? நிற்கிற ஆள்தான்! தோளுக்கு ஏறிய ஒன்றை அவள் விரலில் வாங்கி, கரையில் விட்டுவிட்டு, "பூச்சியைத் தின்னும், கொல்லக் கூடாது" என்றாள். நான் கரையை விட்டு இறங்கவே இல்லை.

கிளம்பும்போது ஒரு பை பழம் கொடுத்தார்கள். செம புளிப்பு. தொக்குக்கு அருமையாக வரும், வீட்டில் நல்லெண்ணெய்தான் தீர்ந்துவிட்டது.