கவ்வாத்து மலையும் மீட்டல் வகுப்பும்

நவம்பர் நெருங்கினால் எங்கள் பக்கம் பகல் மூன்று மணிக்கே பனிமூட்டம் இறங்கிவிடும். லைட் போட்டால்தான் கரும்பலகை தெரியும். பஸ்ஸைத் தவறவிட்டால் பிள்ளைகள் இருட்டில் மூன்று கிலோமீற்றர் தேயிலைக்குள் நடக்க வேண்டும். அதனால் மாலை மீட்டல் வகுப்பை நாலேகாலுக்கு மேல் நடத்த முடியாது. இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கத்தில் உயர்தர உயிரியல் படிப்பிக்கும் எனக்கு வருடக் கடைசி என்றால் இந்த அவசரம்தான்.

பத்து அலகுகளையும் முடிப்பதே பெரும் பாடு. அதற்குப் பிறகு வரும் மீட்டலைப் பல வருடங்கள் ஒரே விதமாகத்தான் செய்தேன். கடந்தகால வினாத்தாளை எடுப்பது, புள்ளியிடும் திட்டத்தைப் பக்கத்தில் வைப்பது, அதிலுள்ள சொல் பிள்ளையின் விடையில் இருக்கிறதா என்று தேடுவது. பரீட்சை அப்படி. முதலாம் பத்திரத்தில் 2 மணித்தியாலத்துக்குள் 50 பல்தேர்வு வினாக்கள். இரண்டாம் பத்திரத்தில் 3 மணித்தியாலத்துக்குள் 4 அமைப்புக் கட்டுரைகள், அப்புறம் ஆறில் நாலு கட்டுரைகள். சொல்லைத் தேடிக்கொண்டிருக்க அங்கே நேரமில்லை, அது கையில் இருக்க வேண்டும். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அந்தச் சொல்லைப் பிள்ளைக்குள் எந்த வழியால் கொண்டுபோவது என்பதில் என் எண்ணம் மாறிவிட்டது.

மாற்றியது ஒரு மாணவியின் மூன்று வரி. உச்சி ஆட்சியை, அதாவது நுனி அரும்பு பக்க அரும்புகளை அடக்கி வைப்பதை, விளக்கச் சொல்லி ஒரு வகுப்புப் பரீட்சையில் கேட்டிருந்தேன். "கவ்வாத்து வெட்டினால் மேலே இருக்கிற அரும்பு போய்விடும். அதனால் பக்கத்தில் தூங்கிக் கிடந்த அரும்பெல்லாம் கிளம்பும். கொழுந்து எடுத்தாலும் அப்படித்தான்" என்று, தேயிலைச் செடியை வெட்டிக் குட்டையாக்கும் கவ்வாத்தை வைத்து அவள் எழுதியிருந்தாள். ஒட்சின் என்ற ஓமோனின் பெயர் இல்லை, பக்க அரும்புக்கான 'கக்க அரும்பு' என்ற சொல்லும் இல்லை. சிவப்புப் பேனையால் பூச்சியம் போட்டேன்.

வகுப்பு முடிந்ததும் அவள் தாளோடு வந்து நின்றாள். "டீச்சர், இது பிழையா?"

"பிழையில்லை. ஆனா புள்ளி கிடைக்காது" என்றேன்.

பஸ்ஸில் வீடு வரும்வரை அந்தப் பதில் என்னை விடவில்லை. உச்சி அரும்பில் உண்டாகும் ஒட்சின் கீழ்நோக்கிக் கடத்தப்பட்டுக் கக்க அரும்புகளை அடக்கி வைக்கிறது, உச்சியை நீக்கினால் அந்த அடக்கம் விலகுகிறது. புத்தகம் சொல்வது இதைத்தான். அவள் எழுதியதும் இதைத்தான். அம்மா நாள் முழுக்க இரண்டு இலையும் ஓர் அரும்புமாகக் கிள்ளுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அவள். தெரியாததை எழுதவில்லை. தெரிந்ததற்கு வேறு பெயர் இருக்கிறது என்பதை நான்தான் அவளுக்குக் காட்டவில்லை.

அடுத்த நாள் வினாத்தாளை மூடி வைத்துவிட்டு, இரண்டு தேயிலைக் கிளைகளை மேசையில் போட்டேன். ஒன்று கொழுந்து எடுத்தது, மற்றது எடுக்காதது. வீட்டில் பேசுவதுபோலவே பேசுங்கள் என்றேன். முதல் பத்து நிமிடம் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு, அப்பா கவ்வாத்து வெட்டப் போகும் ஒரு பையன் எழுந்தான். வெட்டுவதற்கு முன்னால் தேயிலை வேரில் ஒரு துண்டை எடுத்து, சீவி, அதில் ஏதோ மருந்து ஊற்றிப் பார்ப்பார்களாம். கறுத்தால் வெட்டலாம், கறுக்காவிட்டால் அந்தத் தேயிலை மலையைக் கொஞ்ச நாள் சும்மா விட வேண்டுமாம்.

அந்த மருந்து அயடீன். ஆய்வுகூடத்தில் மாப்பொருளுக்கு அவனே செய்த சோதனை அது! இலை முழுவதும் போன செடி, புது இலை வரும்வரை வேரில் சேர்த்து வைத்த மாப்பொருளில்தான் உயிர் வாழ்கிறது. சேமிப்புப் போதாவிட்டால் செத்துப்போகும். மலைநாட்டில் நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை வரும் கவ்வாத்துக்குப் பின்னால் இவ்வளவு உடற்றொழிலியல் இருக்கிறது என்று சொன்னதும் வகுப்பே சத்தம் போட ஆரம்பித்துவிட்டது.

இன்னொருத்தி, தேயிலைக்கு நிழல் தரும் சவுக்கு மரத்தைப் பற்றிக் கேட்டாள். நிழல் மரத்தை அகற்றுவதற்கு முன் அடியில் பட்டையை வளையமாக உரித்து விடுவது ஏன்? "மரம் சாகத்தான்" என்றார்கள். சரி, அப்படியானால் இலை ஏன் உடனே வாடவில்லை? யாருக்கும் பதில் வரவில்லை. பட்டையோடு போவது உணவைக் கடத்தும் உரியம், உள்ளே இருக்கும் தண்ணீர் கடத்தும் காழ் அப்படியே நிற்கிறது. தண்ணீர் மேலே போகிறது, உணவு கீழே இறங்குவதில்லை. வேர் தன் மாப்பொருளைக் கரைத்துத் தீர்க்கிறது. அந்த வேரில் பிடித்துப் பக்கத்துத் தேயிலைக்குப் பரவும் வேரழுகல் பங்கசுக்கு (பூஞ்சைக்கு) உணவு குறைகிறது. தாவரக் கொண்டுசெல்லல், சேமிப்பு, பங்கசு மூன்றும் ஒரே மரத்தில் மீட்டலாகிவிட்டன. ஒரு மாதம் வினாத்தாள் செய்தாலும் எனக்கு அப்படியொரு பாடவேளை கிடைத்திருக்காது.

விதைத் தேயிலை மலையில் ஒன்றுபோல ஒன்று இல்லாததையும், தண்டுத் துண்டிலிருந்து வளர்த்த வீ.பீ. தேயிலை அச்சடித்ததுபோல நிற்பதையும் வைத்து மாறலைப் பார்த்தோம். 1869 இல் தெரிய வந்த துருநோய் இலங்கையின் கோப்பித் தோட்டங்களை முடித்த கதையும் வந்தது.

எல்லா அலகுக்கும் இது கைகொடுக்காது. மூலக்கூற்று உயிரியலுக்குத் தோட்டத்தில் எந்த வழியும் இல்லை. அதைக் கடதாசித் துண்டுகள் வெட்டி அடுக்கித்தான் படிப்பித்தேன். வீட்டுச் சொல் மட்டும் போதும் என்று பிள்ளைகளை விட்டுவிட்டாலும் அநியாயம். விடைத்தாள் திருத்துபவர் "தூங்கிக் கிடந்த அரும்பு"க்குப் புள்ளி போட மாட்டார். அதனால் ஒரு கொப்பியை நடுவில் கோடிட்டுப் பிரிக்கச் சொன்னேன். இடது பக்கம் வீட்டுச் சொல், வலது பக்கம் பரீட்சைச் சொல். இந்தியக் காணொளிகளைப் பார்த்துப் படித்த பிள்ளைகளுக்கு இது இன்னும் உதவியது. செல் என்றால் இங்கே கலம், திசு என்றால் இழையம், குரோமோசோம் என்றால் நிறமூர்த்தம். அறிவில் குறைவில்லாத பிள்ளைகள் இந்தச் சொற்களில் தடுக்கி விழுவதைப் பார்ப்பது எனக்குப் பெரிய வேதனை.

2024 நவம்பர் 25 இல் தொடங்கிய பரீட்சை இரண்டு நாளில் அடைமழையால் நின்றது. டிசம்பர் 4 வரை பிள்ளைகள் வீட்டில். அந்த நாட்களில் ஒரு மாலை, நான் பூச்சியம் போட்ட அதே மாணவி போன் எடுத்தாள். மழையில் வேலை இல்லாமல் அம்மாவும் வீட்டில் இருந்திருக்கிறார். கொப்பியின் இரண்டு பக்கத்தையும் அவருக்கு வாசித்துக் காட்டினாளாம்.

"அம்மா ஒண்ணு கேக்குறாங்க டீச்சர். உச்சியக் கிள்ளினா பக்கத்து அரும்பு வரும்னு சொல்றீங்களே, சில நேரம் கிள்ளாமலே அரும்பு வளராம அப்படியே நின்னுடுமே, அது ஏன்?"

தேயிலை துளிர்ப்பதும் ஓய்வதுமாக மாறி மாறி வளரும் செடி, அது அரும்பின் ஓய்வுக் காலம் என்று தொடங்கினேன். மீதியைப் பரீட்சை முடியப் பேசுவோம் என்றேன்.

"இல்ல டீச்சர், அம்மா பக்கத்துலதான் இருக்காங்க. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். இப்பவே சொல்லுங்க."