நில மதிப்பு ஆய்வா? குத்தகையிலிருந்து தொடங்குங்கள்

வேளாண் பொருளாதாரத்தில் முதுகலை சேர்ந்து ஆய்வுத் தலைப்பு தேடும் தம்பி தங்கைகளில் சிலர், "விவசாய நிலத்தின் விலையை எது தீர்மானிக்கிறது" என்று எடுக்க ஆசைப்படுகிறார்கள். அருமையான தலைப்பு. ஆனால் சினாப்சிஸ் (ஆய்வுத் திட்டச் சுருக்கம்) எழுதும் முன்பே ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: எந்த விலை?

நம் ஊரில் ஒரே நிலத்துக்கு மூன்று விலை உண்டு. அரசின் வழிகாட்டி மதிப்பு, பத்திரத்தில் எழுதும் விலை, உண்மையில் கைமாறும் விலை. முத்திரைத் தீர்வையை மிச்சம் பிடிக்க, பத்திர விலை பெரும்பாலும் வழிகாட்டி மதிப்பை ஒட்டியே நிற்கும். 2017 ஜூனில் தமிழ்நாட்டில் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்து, பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 ஆக்கினார்கள். 2023இல் மதிப்பைப் பழைய நிலைக்கு ஏற்றி, கட்டணத்தை 2 ஆகக் குறைத்தார்கள். பத்திர விலையை மட்டும் வைத்து வரைபடம் போட்டால், 2017இல் நிலம் சரிந்ததுபோலத் தோன்றும். சரிந்தது காகிதம்தான்.

அதனால்தான் குத்தகையைப் பிடியுங்கள் என்கிறேன். குத்தகைத் தொகையைக் குறைத்துச் சொல்லி யாருக்கும் தீர்வை மிச்சமாவதில்லை. மண், தண்ணீர், பயிர் வருமானம் மூன்றும் அதில் நேராகத் தெரியும். 1817இல் பொருளாதார அறிஞர் டேவிட் ரிக்கார்டோ நில வாரத்தை (நிலத்துக்குக் கிடைக்கும் வாடகையை) விளக்கியதும் இந்த அடிப்படையில்தான். ஏக்கர் குத்தகை 20,000 ரூபாய், கைவிலை 40 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். வருவாய் அரை சதவீதம்! இந்த வருவாய்க்காக மட்டும் யாரும் இந்த விலை கொடுக்க மாட்டார்கள். நாளைக்கு மனையாகும் என்ற எதிர்பார்ப்பும், சொத்து என்ற பிடிப்பும் விலையில் கலந்திருக்கின்றன. இந்த விகிதம் சாலையிலிருந்து தள்ளிப் போகப்போக எப்படி மாறுகிறது என்பதே ஒரு முழு ஆய்வேட்டுக்குப் போதும்.

குத்தகையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 1955இன் சாகுபடிதாரர் பாதுகாப்புச் சட்டம், 1969இன் குத்தகைப் பதிவுச் சட்டம் இரண்டும் குத்தகைதாரருக்கு உரிமை தருவதால், நிலம் கையை விட்டுப் போய்விடுமோ என்று உரிமையாளர்கள் பயந்து பல இடங்களில் எல்லாம் வாய்ப்பேச்சுதான். "உங்க நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருக்கீங்களா?" என்று உரிமையாளரிடம் நேராகக் கேட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். பொள்ளாச்சிப் பக்கம் நான் கேட்ட விதம் வேறு: "இந்தப் பக்கம் ஏக்கர் குத்தகை என்ன போகுதுங்க?" பொதுவாகக் கேட்டால் தாராளமாகச் சொல்வார்கள். அப்போதும் ஒரு பெரியவர், "ஏனுங் தம்பி, நிலத்தை எடுக்கப் போறாங்களா?" என்றார். அந்தப் பயம் நியாயமானது. கல்லூரி அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், பட்டா எண்ணைக் கேட்காதீர்கள்.

முறை என்று பார்த்தால், நிலத்தின் ஒவ்வொரு தன்மைக்கும் தனித்தனி விலை கண்டுபிடிக்கும் ஹெடோனிக் மாதிரி (ரோசன், 1974) எளிதில் பொருந்தும். பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனம் மாதிரி, மண்டலம் பிரித்து முறை வைத்துத் தண்ணீர் விடும் பகுதி கிடைத்தால் அதிர்ஷ்டம். வாய்க்கால் பாயும் நிலத்தையும் பக்கத்துக் கிணற்றுப் பாசன நிலத்தையும் ஒப்பிடலாம். தண்ணீரின் விலை அதில் தெரியும்.

களத்துக்குப் போக நேரமோ பணமோ இல்லையா? தேசிய மாதிரி ஆய்வின் 77ஆம் சுற்றில் (2019) நிலம், குத்தகை, வருமானம் எல்லாம் குடும்ப வாரியாக இருக்கின்றன. தரவு இலவசம். மத்திய அரசின் சாகுபடிச் செலவுத் திட்டத் தரவில் சொந்த நிலத்துக்கும் வாடகை மதிப்புப் போட்டிருப்பார்கள். குறைந்தபட்ச ஆதரவு விலையில் சி2 செலவு (சொந்த நிலத்தின் வாடகை, முதலீட்டின் வட்டி எல்லாம் சேர்த்த முழுச் செலவு) பற்றி நடக்கும் சண்டையில் பெரும்பங்கு இந்த வாடகைக் கணக்குதான். அதை மட்டும் தோண்டினாலே நல்ல ஆய்வுக் கட்டுரை வரும்.

இளநிலை மாணவர்களுக்குக் கிராமத் தங்கல் பயிற்சி இருக்கிறதே, அதை வீணாக்காதீர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் தொடங்கிய கிராம ஆய்வுகளைச் செய்தது மாணவர்கள்தான், அதுவும் சொந்த ஊர்களில். இருவேல்பட்டு போன்ற அந்த ஊர்களைப் பின்னால் வந்தவர்கள் திரும்பத் திரும்ப ஆராய்ந்திருக்கிறார்கள்.

அப்புறம், டெல்டா பக்கம் போகிறவர்கள் அளவுகளைக் கவனியுங்கள். அங்கே மா, குழிக் கணக்கில் பேசுவார்கள் (3 மா ஏறத்தாழ ஒரு ஏக்கர்). ஆவணமோ ஹெக்டேரில் இருக்கும். குத்தகையை நெல் மூட்டையாகச் சொன்னால், கொள்முதல் நிலைய விலையா, வியாபாரி விலையா, எதில் ரூபாயாக்குவது என்று படிவம் அச்சடிக்கும் முன்பே ஆய்வு வழிகாட்டியான பேராசிரியரோடு பேசி முடிவு செய்துவிடுங்கள்.