மார்த்தாண்டம் கடை சர்வருக்கு குடோனிலிருந்து டயல்-அப்

ரப்பர் ஷீட் வாங்கும் கடை மார்த்தாண்டத்தில், குடோன் குலசேகரத்தில். குடோனில் இருந்தபடியே, போன் லைனில் டயல் செய்து (அதுதான் டயல்-அப்), கணக்கு இருக்கும் கடை சர்வரில் வரவு பதிய வேண்டியிருந்தது. அப்போது சர்வரில் விண்டோஸ் 2003. இரண்டு ஊரும் 04651-க்குள் வருவதால் எஸ்டிடி கோடு போடாமலே டயல் செய்யலாம்.

போன் லைனோடு கம்ப்யூட்டரை இணைக்கும் மோடம், சீரியல் கேபிளில் வெளியே நிற்பதாக இருக்கட்டும். உள்ளே செருகும் மலிவு கார்டுகள் பெரும்பாலும் சாஃப்ட் மோடம், அதாவது பாதி வேலையை டிரைவர் மென்பொருளிடம் தள்ளுபவை. சர்வர் விண்டோஸுக்கு டிரைவர் தேடியே பொழுது போய்விடும். வெளி மோடம் மக்கர் செய்தால் சர்வரைத் தொடாமல் அணைத்துப் போடலாம். போர்ட் வேகம் 115200, டேட்டா ஓட்டத்தை ஒழுங்குபடுத்தும் ஃப்ளோ கன்ட்ரோல் ஹார்டுவேர்.

வெளியிலிருந்து வரும் அழைப்பை ஏற்கச் சர்வரைத் தயார்செய்யும் ரவுட்டிங் அண்ட் ரிமோட் ஆக்சஸ் விஸார்டு பத்து நிமிட வேலை. விண்டோஸ் ஃபயர்வால் சேவை ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் அது முரண்டு பிடிக்கும். முதலில் அதை நிறுத்த வேண்டும். இணைப்புக்கான ஐபி முகவரியை, தானாக முகவரி கொடுக்கும் டிஹெச்சிபியிடம் விடாமல் 192.168.1.200 முதல் 203 வரை கையால் கொடுத்தோம். முதல் முகவரியைச் சர்வரே எடுத்துக்கொள்ளும். டிஹெச்சிபியை நம்பி அது பதில் தராவிட்டால் 169.254 என்று ஏதோ ஒன்று வந்து நிற்கும். இணைப்பு இருக்கும், ஒன்றும் திறக்காது. கடையைப் போலவே குடோன் நெட்வொர்க்கும் 192.168.1 ஆக இருந்தால் இதே கதைதான். அங்கே 192.168.5 என்று மாற்றினோம்.

யூசர் கணக்கின் டயல்-இன் பக்கத்தில் அனுமதி கொடுக்க மறந்தால் பிழை 649. பாஸ்வேர்டு தவறென்றால் 691. 680 வந்தால் டயல் டோனே இல்லை. இன்டர்காம் பெட்டி வழியாகப் போகும் லைன் என்றால் டயல் டோனுக்குக் காத்திராமல் டயல் செய்யச் சொல்லும் எக்ஸ்3 கட்டளையை மோடத்துக்குக் கொடுத்துப் பாருங்கள். கால் வெயிட்டிங்கை எடுத்துவிடுங்கள், இடையில் விழும் பீப் ஒலியே இணைப்பை அறுத்துவிடும்.

பெட்டியில் 56கே என்று போட்டிருப்பதை நம்பி வேகம் எதிர்பார்க்கக் கூடாது. ஒரு முனை டிஜிட்டலாக இருந்தால்தான் அந்த வேகம். இரண்டு பக்கமும் சாதா போன் லைன் என்றால் உச்சமே 33.6கே. மழைக்காலத்தில் கம்பி இணைப்பில் ஈரம் ஏறினால் 26.4-க்கு இறங்கும். போனை எடுத்து ஒரு எண்ணை அழுத்திவிட்டுக் காது கொடுங்கள். இரைச்சல் கேட்டால் லைனைச் சரிசெய்யாமல் செட்டிங்கில் நோண்டிப் பயனில்லை.

28.8-இல் 5 எம்பி ஃபைல் இறங்க ஏறத்தாழ 25 நிமிடம். அதைவிட மோசம், சர்வரில் உள்ள கணக்கு ஃபைலை நெட்வொர்க் ஷேர் வழியாகக் குடோனிலிருந்து நேராகத் திறப்பது. பாதியில் லைன் போனால் டேட்டா கெட்டுவிடும். சர்வரின் திரையைக் குடோனிலிருந்தே இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பே சரி: 256 நிறம், வால்பேப்பர் வேண்டாம். லைன் அறுந்தாலும் திரை சர்வரில் அப்படியே காத்திருக்கும், மறுபடி டயல் செய்து விட்ட இடத்தில் தொடரலாம். லைசென்ஸ் வாங்காமல் நிர்வாகத்துக்கென்று இரண்டு பேர் வரை நுழையலாம். அதற்கு மேல் ஆள் என்றால் டெர்மினல் சர்வர் லைசென்ஸ் வேண்டும்.

பாதுகாப்புக்கு கால்பேக். யூசர் கணக்கில் குடோன் எண்ணை மட்டும் பதிந்து வைத்தால், அந்தக் கணக்கில் யார் கூப்பிட்டாலும் சர்வர் துண்டித்துவிட்டு அந்த எண்ணுக்குத்தான் திரும்ப அழைக்கும். பில்லும் கடைக்கே. பாஸ்வேர்டைத் திறந்தபடி அனுப்பும் பாப் முறையை அணைத்து பாஸ்வேர்டை அப்படியே அனுப்பாமல் சரிபார்க்கும் எம்எஸ்-சாப் 2 மட்டும் விட்டோம்.

ஐப்பசி, கார்த்திகை இடிதான் பெரிய பகை. போன் கம்பி வழியே வந்தால் மோடத்தோடு சீரியல் போர்ட்டும் போகும். மின்னல் அதிர்ச்சியை எர்த்துக்குத் திருப்பும், கேஸ் டியூப் வைத்த அரெஸ்டரை லைனில் போட்டு, மின்சார எர்த்தோடு ஒரே எர்த்தில் சேர்க்க வேண்டும். அதுவும் நேரே விழும் இடியைத் தாங்காது. சாயங்காலம் வானம் கறுத்தால் கடைப் பையன் லைனைக் கழற்றிப் போடுவதே வழக்கம்.