ஏர் சஸ்பென்ஷன்: கம்ப்ரஸர மாத்தறதுக்கு முன்னாடி லீக்க தேடுங்க

ஏர் சஸ்பென்ஷன்னா, ஸ்பிரிங்குக்குப் பதிலா காத்து நெறச்ச ரப்பர் பை வண்டியத் தாங்கும், அதுக்கு காத்து அடிக்கறது கம்ப்ரஸர். அந்த மாதிரி வண்டி வெச்சிருக்கறவங்க யாராச்சும் "கம்ப்ரஸர் போச்சுங்க"ன்னு சொன்னா நான் மொத கேக்கறது லீக் எங்கன்னு பாத்தீங்களாங்கறதுதான். ஏன்னா கம்ப்ரஸர் சும்மா சாகறதில்லீங்க, எங்கியோ காத்து போய்ட்டே இருக்கும், அத ஈடுகட்ட அது பொழுதுக்கும் ஓடி ஓடி சூடாகி உள்ள ரிங் தேஞ்சு கடைசில படுத்துக்கும். லீக்க உட்டுட்டு புது கம்ப்ரஸர் போட்டா அதுக்கும் அதே கதிதான்.

நம்முளது செகண்ட் ஹேண்ட் ஜெர்மன் எஸ்யூவி, நாலு வீலுக்கும் ஏர் பேக் (ஆக்சிடென்ட்ல விரியறது இல்லீங்க, வண்டியத் தாங்கற ரப்பர் பை). கொஞ்ச நாளாவே காலைல பாத்தா முன்னாடி லெஃப்ட் சைடு குந்திட்டு நிக்கும், ஸ்டார்ட் பண்ணுனா சித்த நேரத்துல எந்திரிச்சுக்கும், அப்பறம் எந்திரிக்கவே நேரமாச்சு, ஒரு நாள் டேஷ்போர்டுல வார்னிங் வந்து, குந்துனது குந்துனபடியே நின்னுக்கிச்சு. கோயமுத்தூர்ல ஒரு ஒர்க்‌ஷாப்ல காட்டுனா கம்ப்ரஸரு, முன்னாடி ரெண்டு ஸ்ட்ரட்டு (பேக்கும் டேம்பரும் ஒண்ணா சேந்த காலு), வால்வ் பிளாக்கு (எந்த வீலுக்கு காத்து போகோணும்னு தெறந்து மூடறது) எல்லாத்தையும் மாத்தோணும்னு ஒரு எஸ்டிமேட் குடுத்தாங்க, அந்தக் காசுக்கு ஒரு பழைய மாருதியே வாங்கிப்போடலாம். இன்னொருத்தர் "அதயெல்லாம் கழட்டி வீசிட்டு காயில் ஸ்பிரிங் போட்டுரலாங்க"ன்னாரு. போடலாம்தான், ஆனா வார்னிங் லைட்ட ஏமாத்த ஒரு டப்பா மாட்டோணும், டேம்பர், அதான் ஷாக் அப்சார்பர், அதோட எலக்ட்ரானிக்ஸ் வீணா போகும், அப்படி ஓட்டறதுக்கு இந்த வண்டி எதுக்குங்க?

நாம பல்லடம் பக்கம் ஏர்ஜெட் தறி ஓட்டறவங்க. ஊடை நூல கொண்டு போறதே காத்துதான், அஞ்சாறு பார் பிரஷர் எந்நேரமும் லைன்ல நிக்கோணும், ஒரு கனெக்டர் லேசா ஒழுகுனாலும் கரண்டு பில்லுல தெரிஞ்சுரும். அதனால காத்து லீக் தேடறது நமக்கு அன்னாடப் பொழப்பு. சரி, இதும் காத்துதானேன்னு ஊட்டுலயே எறங்கிட்டேன்.

மொத வேல அளவெடுக்கறது. வீல் சென்டர்ல இருந்து ஃபெண்டர் விளிம்பு வரைக்கும் டேப் புடிச்சு நாலு பக்கமும் பொழுதோட எழுதி வெச்சுட்டு, காலைல திரும்ப அளந்தேன். தரைல இருந்து அளந்தா டயர் காத்து கணக்கு உள்ள வந்து கொழப்பும். அதோட ராத்திரி கம்ப்ரஸர் ஃபியூஸ கழட்டி வெச்சுருங்க, சில வண்டி நிறுத்துன பின்னாடியும் தானா முழிச்சு லெவல் பண்ணிக்கும், நீங்க அளக்கறதே தப்பாப் போயிரும். ஒரே மூலை எறங்குனா பேக்கு இல்லீன்னா அந்த லைனு. இன்னைக்கு ஒரு மூலை நாளைக்கு ஒரு மூலைன்னு மாறுனா வால்வ் பிளாக்க சந்தேகப்படோணும். எங்கியும் எறங்கல ஆனா ஏறவும் மாட்டேங்குதுன்னா அப்பத்தான் கம்ப்ரஸர், அதுக்கு கரண்ட் குடுக்கற சுவிச்சான ரிலே, ஃபியூஸ் பக்கம் போகோணும்.

நமக்கு முன் லெஃப்ட் மட்டும் நல்லா எறங்கியிருந்துச்சு. மருந்தடிக்கற சின்ன ஸ்ப்ரேயர்ல ஷாம்பு தண்ணி கலக்கி மேல பைப் சேர்ற எடம், வால்வ் பிளாக்கு எல்லாம் அடிச்சேன், ஒண்ணுமில்ல. அப்பறம் வண்டிய ஒசத்தி வெச்சு அடிச்சதுலதான் ரப்பர் மடிப்புக்குள்ள இருந்து நொறை பொங்குச்சு. இத நெம்பப் பேர் கவனிக்கறதில்ல, ஹைட் மாறுனா ரப்பர் மடியற எடமும் மாறும், அதனால தாழ வெச்சும் ஒசத்தி வெச்சும் ரெண்டு தடவ பாக்கோணும். ரைட் சைடு ரப்பர்லயும் முடி மாதிரி வெடிப்பு தெரிஞ்சுது, ரெண்டும் ஒரே வயசுதானேன்னு ஜோடியா ஆஃப்டர்மார்க்கெட் ஸ்ட்ரட் வரவெச்சுட்டேன்.

கழட்டறதுல ஒரு வெசயத்துல மட்டும் வெளையாடாதீங்க. இந்த வண்டி ஜாக்கில நிக்கும்போது காத்து எறங்குனா படக்குன்னு கீழ வரும், அதனால மெனுவுல ஜாக் மோட் (தானா லெவல் பண்றத நிறுத்தற செட்டிங்) போட்டு, ரெண்டு பக்கமும் ஸ்டாண்ட் குடுத்துட்டுத்தான் கைய உள்ள உடோணும். டயர்ல 35 பிஎஸ்ஐதான், இந்த பேக்குல 100க்கு மேல நிக்கும். பைப் நட்ட துணி சுத்தி மொள்ள மொள்ள லூஸ் பண்ணி, சத்தம் முழுசா நின்ன பின்னாடிதான் கழட்டோணும்.

மேல மூணு நட்டு சுளுவா வந்துருச்சு. கீழ போல்ட்டுதான் கெரகம், டபிள்யூடி 40 அடிச்சு ராத்திரி ஊற உட்டும் அசையல. மச்சான் வந்து பாத்துட்டு "ஏனுங் மாமா, பம்ப்செட் பைப்பு ஒண்ணு மூலைல கெடக்குதே"ன்னு அந்த ஜிஐ பைப்ப ஸ்பேனர் பாருல சொருகி ஏறி நின்னான், டக்குன்னு உட்டுச்சு.

புதுசு மாட்டும்போது பைப் முனைய பிளேடுல நேரா வெட்டி, புது ஃபிட்டிங் போட்டு, நட்ட மொத கைலயே திருகுங்க. டெஃப்லான் டேப் சுத்தவே கூடாது, அந்தத் துணுக்கு வால்வ் பிளாக்குக்குள்ள போச்சுன்னா புதுத் தலைவலி. அப்பறம் காத்து ஏத்தாம வண்டி வெயிட்ட எறக்கவே கூடாது, ரப்பர் தப்பா மடிஞ்சு புதுசுலயே கிழியும். ஆனா ஸ்டாண்ட்ல வீல் தொங்கும்போது சென்சாருக்கு வண்டி ஒசரத்துல இருக்கறாப்லதான் தெரியும், அதனால கம்ப்யூட்டர் தானா காத்து ஏத்தாது. வண்டி கம்ப்யூட்டருக்கு கட்டளை குடுக்கற ஸ்கேனர் மாட்டி அந்தப் பக்க வால்வ தெறக்கச் சொல்லி ஏத்துனேன். ஸ்கேனர் இல்லாம இந்த வேலைக்கு எறங்காதீங்க, இது என் அபிப்ராயம்.

லீக் நின்ன பின்னாடியும் ஏற நேரமாச்சு, அப்பத்தான் கம்ப்ரஸர கழட்டுனேன். டெஃப்லான் ரிங் ஒரு பக்கமா தேஞ்சிருந்துச்சு, சிலிண்டர்ல கீறல் இல்ல, காத்துல இருக்கற ஈரத்த உறிஞ்சற டிரையருக்குள்ள சிலிக்கா ஜெல் ஈரத்துல மாவா ஆயிருந்துச்சு. ரிங் கிட்டும் புது ஜெல்லும் போட்டதுல பழைய தெம்பு வந்துருச்சு. ரிலேவையும் கையோட மாத்திருங்க, அதுக்குள்ள கான்டாக்ட் ஒட்டிக்கிச்சுன்னா சாவிய எடுத்த பின்னாடியும் கம்ப்ரஸர் ஓடிட்டே இருந்து கருகிரும், விலையும் நெம்பக் கம்மி. மேல பால் ஜாயின்ட் கழட்டியிருந்ததுனால அலைன்மென்ட் மட்டும் வெளிய குடுத்துப் பாத்தேன்.

அதுக்கப்பறம் ஒறம்பரைகள நெறையா ஏத்திட்டு ஆழியார்ல இருந்து வால்பாறை 40 கொண்டை ஊசியும் ஏறி எறங்கியாச்சு, வார்னிங் ஒண்ணும் வரல. பின்னாடி ரெண்டு பேக்கும் இன்னும் பழசுதான், அந்த அளவ செவுத்துல கரித்துண்டுல எழுதி வெச்சிருக்கேன், ஒரு விரல் எறங்க ஆரம்பிச்சா ஆர்டர் போட்டுருவேன்.