நாக்கை நீட்டிய வழக்கு

முனை வீட்டு அக்கா எங்களோடு பேசுவதை நிறுத்திவிட்டார். காலையில் எங்கள் கேட்டைக் கடக்கும்போது குடையை இந்தப் பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு போகிறார். வெயில் அடிப்பது அந்தப் பக்கம். இத்தனைக்கும் காரணம் சின்னவளின் நாக்கு. அவள் எதுவும் பேசிவிடவில்லை, நீட்டினாள், அவ்வளவுதான்.

சின்னவளுக்கு இந்த வருடம் எஸ்.பி.எம்., ஐந்தாம் படிவத்து அரசாங்கப் பரீட்சை. இது இந்நேரம் சுங்கை சிப்புட் முழுக்கத் தெரிந்திருக்கும். எங்கள் வீட்டில் டிவியை மூட்டை கட்டி வைத்துவிட்டதால் அத்தை தினமும் சாயங்காலம் நாடகம் பார்க்க முனை வீட்டுக்குப் போய், போகிற வழியெல்லாம் காரணத்தையும் சொல்லிக்கொண்டு போனார். 2021-இலிருந்து ஆங்கிலத்துக்கு வாசிப்பு, எழுத்து, பேச்சு, கேட்டல் என்று நான்கு தாள். பேச்சுத் தாளுக்கு இரண்டிரண்டு பேராக உள்ளே அனுப்புவார்கள். தனியாகவும் பேச வேண்டும், ஜோடியோடு சேர்ந்தும் பேச வேண்டும். இவளுக்கு ஜோடியாக வரப்போகிற பிள்ளை நுனிநாக்கில் பேசுவாளாம். அதைக் கேட்டதிலிருந்து இவளுக்குத் தூக்கமில்லை, ஆகவே எங்களுக்கும் இல்லை. எங்கோ ஒரு வெள்ளைக்கார அம்மா மெய்யெழுத்து சொல்லிக்கொடுக்கும் காணொளியைப் பிடித்துக்கொண்டாள்.

முதல் பாடம் மெழுகுவர்த்தி.

கரண்ட் போனால் ஏற்றலாம் என்று சாமி ரூமில் வைத்திருந்ததை எடுத்து வந்து, மேசையில் நட்டு, வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் வைத்துக்கொண்டாள். பன்றிக்கு இங்கிலீஷில் பிக். அதன் முதல் எழுத்தில் உதடு வெடித்து ஒரு வீச்சுக் காற்று வர வேண்டும், சுடர் சாய வேண்டும். பெரியதுக்கும் பிக்தான், ஆனால் இந்த பிக்கில் சுடர் அசையக் கூடாது. தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே பிக், நீங்களே பார்க்கிறீர்கள். நாம் சொல்லின் முதலில் ப சொல்லும்போது காற்றை வெளியே விடுவதே இல்லை. பழம், பல்லி, பங்காளி, பஞ்சாயத்து என்று நான் எதை எதையோ சொல்லிப் பார்த்தேன், சுடர் ஆணி அடித்த மாதிரி நின்றது. அதனால் நாம் என்னதான் அடிவயிற்றிலிருந்து பன்றி என்று சொன்னாலும் வெள்ளைக்காரர் காதில் பெரியது என்றுதான் விழுமாம். சரி, காற்றை விட்டுப் பழகுவோம் என்றால், முன்னால் எஸ் வந்தால் காற்று வேண்டாமாம். ஸ்பின், ஸ்பூன் என்றால் சுடர் சும்மா நிற்கலாம். யார் போட்ட சட்டமோ.

இத்தனைக்கும் மலாயில் காலைக்கு ஒரு பாகி, கொடுப்பதற்கு ஒரு பாகி இருக்கிறது. பள்ளிக்கூடப் பக்கம் ஒதுங்காத அத்தைகூட பசார் மாலாம் இரவுச் சந்தையில் அந்த இரண்டையும் மாற்றிச் சொன்னதில்லை. அங்கே காற்றும் கேட்பதில்லை, மெழுகுவர்த்தியும் கேட்பதில்லை.

செம்பனைக் குலை லோரியை நிறுத்திவிட்டு வந்த வீட்டுக்காரருக்கும் பரீட்சை வைத்தாள். அவர் மீசையைத் தடவிக்கொண்டு குனிந்து ஒரு பிக் சொன்னார். சுடர் சாயவில்லை, அணைந்தே போனது.

“பார்த்தியா, அப்பாவுக்குத் தன்னால வருது!”

“அப்பா, அது காத்து இல்லப்பா. எச்சி.”

இந்தக் கூத்தெல்லாம் முன் ஹாலில், சுடர் தெரிய வேண்டும் என்று விளக்கை அணைத்துவிட்டு நடந்தது. தெருவிலிருந்து பார்க்கிறவர்களுக்கு என்ன தெரியும்? எல்லா வீட்டிலும் லைட்டு, எங்கள் வீட்டில் மட்டும் மெழுகுவர்த்தி, அதைச் சுற்றிக் குடும்பமே குனிந்து உட்கார்ந்திருக்கிறது. ராத்திரிக்குள் எங்கள் தாமான் குடியிருப்பின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் செய்தி வந்துவிட்டது. “ஒரு வீட்டில் பில் கட்டாமல் மின்சாரத்தை வெட்டிவிட்டார்கள் போல. பெயர் வேண்டாம். படிக்கிற பிள்ளை இருக்கிற வீடு. நாம் ஏதாவது செய்யலாமே.” கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். ஒருவர் 20 வெள்ளி தருவதாக எழுதியிருந்தார். கண்ணியமான மனுஷர். பணம்தான் இன்னும் வந்து சேரவில்லை.

அடுத்தது தொண்டை. குரல்வளையில் விரலை வைத்துக்கொண்டு ஸ்ஸ் என்றால் அதிரக் கூடாது. வாயையும் நாக்கையும் அப்படியே வைத்துக்கொண்டு தொண்டையை மட்டும் அதிர விட்டால் வருவதுதான் கடைசி எழுத்து. நாம் ஜூ, ஜீரோ என்று ஜ போட்டு ஒப்பேற்றுகிறோமே, அது. நாங்கள் மூன்று பேரும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு ஹாலில் நின்றதைப் பார்த்த அத்தை, ஒன்றும் கேட்காமல் குசினிக்குப் போய்ச் சுக்கு, மிளகு, துளசி போட்டுக் கசாயம் வைத்துவிட்டார். அதிர்வு வந்ததோ இல்லையோ, ஆளுக்கு ஒரு கிளாஸ் இறங்கியது.

வார்த்தையின் முடிவிலும் கை வைத்தாள். நாம் பஸ்ஸு, லைட்டு, கார்டு என்று வாலில் ஒரு உகரத்தை ஒட்டிவிடுகிறோமாம். மெய்யோடு வாயை மூடிவிட வேண்டுமாம். அத்தை கேட்டார், “நான் பஸ்ஸுன்னுதான் இத்தன வருஷமா கூப்புடுறேன். நிக்காமப் போயிருச்சா?” இதற்கு அந்த வெள்ளைக்கார அம்மாவிடமும் பதில் இருக்காது.

எஃப், வி இரண்டுக்கும் மேல் பல் கீழ் உதட்டைத் தொட வேண்டும். டபிள்யூவுக்குப் பல்லே வேண்டாம், உதட்டைக் குவித்தால் போதும். நாம் வ சொல்லும்போது இரண்டுக்கும் நடுவே எங்கேயோ நின்றுகொள்கிறோம். எஃப் விஷயத்தில் எனக்கு ஒரு நியாயமான சந்தேகம். இந்த வீட்டில் காத்தாடியைப் போடு, காத்தாடியை அணை என்றுதான் வளர்ந்திருக்கிறோம், ஃபேன் என்று சொல்லும் தேவையே வந்ததில்லை. அத்தைக்குத்தான் பெரிய சோதனை. அவருக்கு மேல் வரிசையில் முன்பற்கள் கிடையாது. பல்செட் இருக்கிறது, ஆனால் கட்டி வந்த நாளிலிருந்து அது மைலோ மக்கில்தான் குடியிருக்கிறது. “உறுத்துதும்மா” என்பார். அதனால் வேன், வயலின் எல்லாம் அத்தை வாயில் டபிள்யூ ஆகிவிட்டன. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். குடும்பத்தில் டபிள்யூவை அந்தக் காணொளி அம்மாவுக்குச் சமமாகச் சொன்னது அத்தை ஒருவர்தான்.

மாமா கதை தனி. அவர் வாலிபத்தில் தோட்டத்துத் துரைக்குக் காடி ஓட்டியவர் என்பதை உங்களில் சிலர் அவர் வாயாலேயே கேட்டிருப்பீர்கள், தப்பித்தவர்கள் பாக்கியவான்கள். மாமா ‘வாட்’ என்று சொல்ல மாட்டார். முன்னால் ஒரு மூச்சு விட்டு ‘ஹ்வாட்’ என்பார். ஹ்வேர், ஹ்விச், ஹ்வை எல்லாம் அப்படியே. பேத்தி திருத்தினாள். இவர் மசியவில்லை. “எங்க துரை சொன்னது தப்பா?” கடைசியில் அந்தக் காணொளி அம்மாவே வேறொரு பாடத்தில் சொல்லிவிட்டார். டபிள்யூ ஹெச் என்று தொடங்கும் சொற்களை ஸ்காட்லாந்தில் இன்னும் பலர் அப்படித்தான் மூச்சோடு சொல்கிறார்களாம். துரை ஸ்காட்லாந்துக்காரர். அவ்வளவுதான், மாமா மறுநாள் காலையில் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கோப்பிக் கடைக்குக் கிளம்பிவிட்டார், நாலு பேரிடம் ஹ்வாட் சொல்ல.

இப்போது நாக்குக்கு வருகிறேன்.

டி ஹெச். நாக்கு நுனி இரண்டு வரிசைப் பல்லுக்கும் நடுவே எட்டிப் பார்க்க வேண்டும், காற்று அதன்மேல் உரசி ஓட வேண்டும். நம் த பல்லுக்குப் பின்னாலேயே நின்று காற்றை அடைத்துவிடும். இந்த நாட்டில் பாதிப் பேர் அந்த சிரமமும் படாமல் டி போட்டு, ஒன்று இரண்டுக்கு அடுத்ததாக மரத்தைச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். சின்னவள் கைக்கண்ணாடியோடு முன் வாசலில், வெளிச்சம் விழும் பக்கமாக, ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தாள். அந்தக் காணொளியில் ஒரு பயிற்சி வாக்கியம், முப்பத்து மூன்று திருடர்களைப் பற்றி. இங்கிலீஷில் அத்தனையும் டி ஹெச். நாக்கை நன்றாக வெளியே நீட்டி, கண்ணாடியில் பார்த்து, கண்ணாடியை இறக்கி, “தீஃப்!” என்றாள்.

எதிரே முனை வீட்டு அக்கா கீரைக்கட்டோடு நின்றிருக்கிறார்.

நாக்கு மட்டும் என்றால் பிள்ளை விளையாட்டு என்று போயிருக்கும். ஆனால் அக்காவின் வீட்டுக்காரர் கோயில் பொருளாளர். போன பொதுக்கூட்டத்தில் அன்னதானக் கணக்கு கேட்டு எழுந்த சத்தம் உங்களுக்கெல்லாம் நினைவிருக்கும். கூச்சல் போட்டவர்களில் எங்கள் வீட்டுக்காரர் எந்த வரிசையில் இருந்தார் என்பதும் நினைவிருக்கும். அக்காவுக்கு ஆங்கிலம் அதிகம் வராது, ஆனால் அந்த ஒரு சொல்லுக்கு அகராதி வேண்டுமா?

நான் கேசரி கிளறி, தட்டில் மூடி எடுத்துக்கொண்டு சமாதானத்துக்குப் போனேன். “அக்கா, பிள்ள உங்கள ஒண்ணும் சொல்லல. அது ஒரு எழுத்து.”

“எந்த எழுத்த நாக்க நீட்டிச் சொல்றாங்க? நானும் ஆறாம் வகுப்பு வரைக்கும் படிச்சவதான்.”

சொன்னால் நம்பமாட்டார், செய்து காட்டுவதுதான் ஒரே வழி. நாக்கை நீட்டினேன். உச்சரிப்பு சுத்தமாக வந்தது என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன். வந்த சொல்லும் அதே சொல். அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து பொருளாளர் துண்டை உதறிக்கொண்டு வெளியே வருகிறார். கேசரித் தட்டு மூடி திறக்காமலே திரும்பி வந்தது.

வழக்கு, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஐயாவிடம் போனது. அவர் இரு தரப்பையும் திண்ணையில் உட்கார வைத்து, தொல்காப்பியத்திலிருந்து ஆரம்பித்தார். எந்த எழுத்து வாயில் எங்கே பிறக்கிறது என்று சொல்ல அதில் பிறப்பியல் என்று ஓர் இயலே உண்டாம். பல்லும் உதடும் சேர்ந்தால் வகரம். நாக்கு நுனி பரந்து மேல் பல்லின் அடியில் ஒற்றினால் தகரம். இந்த வெள்ளைக்கார அம்மா கண்ணாடி வைத்துக் காட்டுவதை நம் ஆள் எப்போதோ சூத்திரமாக எழுதி வைத்துவிட்டார் என்று சொல்லி, எங்கள் சண்டையை மறந்து வெகு தூரம் போய்விட்டார். மாமா மட்டும் நடுநடுவே “ஹ்வெரி குட்” என்றார். அது துரையும் சொல்லாத ஒன்று.

கடைசியில் ஐயா தீர்ப்புக்கு வந்தார். “நம்ம எழுத்துல ஒண்ணுக்குக்கூட நாக்க வெளிய நீட்ட வேண்டியதில்ல. குற்றம் எழுத்தோடது, பிள்ளையோடது இல்ல.” அக்கா எழுந்து சேலையை உதறினார். தீர்ப்பை ஏற்றுக்கொண்டாரா என்று இன்னும் தெரியவில்லை.

எங்கள் பக்கத்தில் நியாயம் இருக்கிறது என்று காட்டவாவது அந்த எழுத்தை வெளியுலகில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்போம் என்று சின்னவள், பெரிய ரோட்டுக் கடையில் தே தாரிக் மூன்று கேட்டாள், இங்கிலீஷில், நாக்கு நுனி பல்லிடுக்கில் சரியாக எட்டிப் பார்க்க. கடைப் பையன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். “ஃப்ரீயா? ஃப்ரீயெல்லாம் கெடையாது லா.” திரும்பச் சொன்னாள், திரும்ப ஃப்ரீ. அப்புறம் மரம் என்றாள். மூன்று தே தாரிக் நுரையோடு வந்தது. தேர்வாளருக்கு எந்தக் காது வாய்த்திருக்கிறதோ, அது அவள் அதிர்ஷ்டம்.

சண்டையில் பெரிய நஷ்டம் அத்தைக்குத்தான். முனை வீடு மூடியதால் நாடகம் நின்றுவிட்டது. கதாநாயகியை மாடிப்படியில் யார் தள்ளிவிட்டது என்பது தெரியாமலே நாள் போகிறது. சாயங்காலம் செய்ய ஒன்றுமில்லாமல் சின்னவள் எதிரே வந்து உட்கார்ந்தார். பேச்சுத் தாளுக்கு ஜோடி வேண்டுமே, பாட்டியே ஜோடி ஆகிவிட்டார். மைலோ மக்கிலிருந்து பல்செட்டை எடுத்துக் கழுவி மாட்டிக்கொண்டு வந்ததைப் பார்த்து எங்களுக்குப் பேச்சே வரவில்லை. வி சொல்லப் பல் வேண்டுமாம். “வெரி, வெரி” என்று ஒப்பித்துக்கொண்டிருந்தார், கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டு.

அன்றைய தலைப்பு வேலை. சின்னவள் கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டாள், பாட்டி தமிழில் ஆரம்பித்தார். விடியுமுன்னே தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர்த் தீம்பாருக்குள் போனது, வெயில் ஏறினால் பால் நின்றுவிடும் என்று ஓட ஓடச் சீவியது, பெரியவரை வயிற்றில் வைத்துக்கொண்டு வாளி சுமந்தது. நடுநடுவே ஒரு ‘வெரி’. வெரி மழை, வெரி கொசு. சின்னவள் தன் முறை வந்தும் பேசாமல் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிஜத் தேர்வில் இப்படி உட்கார்ந்தால் முட்டைதான் கிடைக்கும் என்று சொல்ல வந்தேன். சொல்லவில்லை. பெரியவர் என்றால் எங்கள் வீட்டுக்காரர். அவரும் லோரிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தார்.

பல்செட் அதற்கப்புறம் மக்குக்குத் திரும்பவே இல்லை. உறுத்தல் எல்லாம் எங்கே போனதோ. நல்லதுதான், ஆனால் அதற்கும் சேர்த்து நான்தான் கணக்குத் தீர்க்கிறேன். தீபாவளிக்கு என்று இடுப்பொடியச் சுட்டு, அலமாரிக்கு மேலே பழைய சூட்கேஸுக்குப் பின்னால் மறைத்து வைத்த முறுக்கு டின்னை இறக்கிப் பார்த்தேன், பாதிக்கு மேல் காணோம். சின்னவளைக் கேட்டேன், பாட்டியைக் கை காட்டினாள். பாட்டியைக் கேட்டேன், தாத்தாவைக் கை காட்டினார். மாமா பேப்பரை இறக்காமலே கேட்டார்:

“ஹ்வாட் முறுக்கு?”