எல்லாருக்கும் ஒரே நிறப் பேனா

பாங்காக்கின் இரவு வீதிகளை மட்டும் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு, தாய்லாந்து கூச்சமே இல்லாத நாடு. அங்கே பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் பாலியல் கல்வி எடுக்க நின்றால் தெரியும்: நாற்பது தலையும் மேசையைத்தான் பார்க்கும்.

இந்தப் பாடம் சுகாதாரம், உடற்கல்விப் பாடத்துக்குள் அடங்கியிருக்கிறது; பல பள்ளிகளில் பி.டி. ஆசிரியர் தலையில் விழும். அவருக்குக் கைவந்த வழி, நோய்ப் படங்களைக் காட்டிப் பயமுறுத்துவது. கல்வி அமைச்சகம், யுனிசெஃப், மஹிடோல் பல்கலைக்கழகம் சேர்ந்து செய்து 2016-இல் வந்த ஆய்வும் பின்விளைவுகளுக்கே அழுத்தம், உரிமைக்கும் பாலினச் சமத்துவத்துக்கும் இடம் குறைவு என்றது. பயந்த பிள்ளை கேள்வி கேட்காது.

கேட்க வைப்பது, பெயர் போடாமல் கேள்வியை எழுதிப் போடும் கேள்விப் பெட்டிதான். ஆனால் 'விருப்பமுள்ளவர்கள் எழுதுங்கள்' என்று சொன்னால் தீர்ந்தது. பேனா எடுத்த மூவரை வகுப்பே திரும்பிப் பார்க்கும். எல்லாருக்கும் ஒரே அளவுச் சீட்டு, ஒரே நிறப் பேனா. கேள்வி இல்லாதவர்கள் 'கேள்வி இல்லை' என்றாவது எழுதிப் போட வேண்டும். வகுப்பாசிரியருக்குக் கையெழுத்து தெரியும், அதனால் சீட்டை அவரிடம் கொடுக்கவே கூடாது. அடுத்த வகுப்பில் பதில் சொன்னதும் கிழித்துவிட வேண்டும்.

ஆணுறைப் பாடம் வேறு விதம். 1970-களில் குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரகர் மீச்சாய் விரவைத்யா ஊதிப் பலூனாக்கும் போட்டி நடத்திச் சிரிக்க வைத்த பொருள் இது. 'மீச்சாய்' என்றாலே ஆணுறை என்று ஆன காலமும் உண்டு. கடையில் 49, 52, 54 என்று இருக்கும் எண் நீளம் அல்ல, தட்டையாக வைத்தால் வரும் அகலம், மில்லிமீட்டரில். காலாவதித் தேதி பார்ப்பது, பல்லால் கிழிக்காமலிருப்பது, நுனியைக் கிள்ளிக் காற்றை எடுப்பது எல்லாம் சொன்னால் பிடித்துக்கொள்வார்கள். தவறுவது ஒரே இடத்தில்: தலைகீழாக வைத்துவிட்டு, அதையே திருப்பி மாட்டுவது. அதை எறிந்துவிட்டுப் புதிதாக எடுக்க வேண்டும். லேடெக்ஸோடு வாசலினோ தேங்காயெண்ணெயோ சேர்ந்தால் கிழியும்.

இவ்வளவும் தெரிந்த பெண்பிள்ளை கைப்பையில் ஒன்றை வைத்துக்கொள்வாளா? மாட்டாள். 'ரக் நுவன் சங்குவன் துவா', தன்னைக் காத்துக்கொள் என்ற அறிவுரை அவளுக்கு மட்டும்தான். பையனுக்கு அப்படியொரு சொல் கிடையாது. கர்ப்பமானால் 'குன் மே வை சாய்', தெளிந்த வயதுத் தாய். என்ன மென்மையான பெயர்! பள்ளியில் யாரும் அப்படி மென்மையாக நடத்தியதில்லை. 2016-இன் வளரிளம் பருவக் கர்ப்பத் தடுப்புச் சட்டம் வந்த பிறகுதான் படிப்பைத் தொடர்வதும் ரகசியம் காக்கப்படுவதும் உரிமையாயின.

15 முதல் 19 வயதுள்ள ஆயிரம் பெண்களுக்கு 2012 வாக்கில் 53 அளவில் இருந்த பிரசவங்கள், 2021-இல் 25-க்கும் கீழே வந்தன. அதே காலத்தில் இளையோரிடம் சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய் கூடியது. பயம் முழுவதையும் கர்ப்பத்தின் மேலேயே ஏற்றிவிட்டோம். கருத்தடை மாத்திரையோ, தோலுக்கடியில் வைக்கும் இம்ப்ளான்டோ வந்ததும் ஆணுறை போய்விடுகிறது.

கடைசியில் எங்கே போவது என்று சொல்ல வேண்டும். ஊர்ச் சுகாதார நிலைய நர்ஸ், பிள்ளையின் அம்மாவுக்குத் தெரிந்தவராக இருப்பார், அங்கே யாரும் போக மாட்டார்கள். ஆலோசனைக்கு 1663 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. பலகையில் எழுதிப் போட்டால் ஒருவரும் குறிக்க மாட்டார்கள். குறித்தவருக்குத் தேவை என்று ஆகிவிடும். நாற்பது சீட்டு அச்சடித்து, நாற்பது பேர் கையிலும் கொடுக்க வேண்டியதுதான்.